இதயம் தயார், கால் தயாரா?

தேக்கா பக்கம் மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சாலையின் பெயரை யோசித்திருப்போம்? ரேஸ் கோர்ஸ் ரோடு. இப்போது அங்கே பெயரில் மட்டும்தான் குதிரை இருக்கிறது. ஃபேரர் பார்க் திடலில் 1933 வரை குதிரைகள் ஓடின. பிறகு புக்கிட் தீமா, அதன் பிறகு கிராஞ்சி. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்ததோடு, சிங்கப்பூரில் 180 ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த குதிரைப் பந்தயம் முடிவுக்கு வந்தது.

பந்தயம் கட்டுவதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. அதனால் நொந்துபோன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் அந்தக் கடைசிப் பந்தயத்தைப் பற்றிய பேச்சு எங்கும் அடிபட்ட நாள்களில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்காகக் குதிரையின் உடலைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நிகழ்ச்சி முடிந்துவிட்டது; படிப்பதை இன்னும் நிறுத்தவில்லை. காரணம், காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பூங்காவில் ஓடும் நம் போன்றவர்களுக்கும் அந்த உடலில் ஒரு செய்தி இருக்கிறது. பயிற்சி கொடுத்தால் உடல் முழுவதும் ஒரே வேகத்தில் தேறிவிடுவதில்லை. சில உறுப்புகள் முந்திக்கொள்கின்றன, சில பின்தங்குகின்றன. குதிரைக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

முதலில் முந்திக்கொள்ளும் பகுதியைப் பார்ப்போம்.

மண்ணீரலுக்குள் ஒரு சேமிப்புக் கிடங்கு

ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறைதான் துடிக்கும். முழு வேகத்தில் ஓடும்போது அதே இதயம் 220, 240 என்று எகிறும். ஓய்வில் 70 முறை துடிக்கும் நம் இதயம், மூச்சு முட்ட ஓடினால் 180, 190க்குப் போகும். அதாவது இரண்டரை மடங்கு. குதிரைக்கு அது ஆறேழு மடங்கு! உச்ச வேகத்தில் ஒரு பந்தயக் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. பொதுவாக அந்த இதயம் நான்கைந்து கிலோ எடை இருக்கும். 1932ல் இறந்துபோன ஃபார் லேப் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் இதயம் 6.2 கிலோ. ஆஸ்திரேலியர்கள் அதை இன்றும் கேன்பராவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இதயத்தைவிட எனக்கு வியப்பளித்தது மண்ணீரல். குதிரை தன் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை மண்ணீரலில் சேமித்து வைத்திருக்கிறது. ஓட வேண்டிய நேரம் வந்ததும் மண்ணீரல் சுருங்கி, அத்தனையையும் ரத்த ஓட்டத்துக்குள் தள்ளிவிடுகிறது. ஓய்வில் ரத்தத்தில் 40 விழுக்காடாக இருக்கும் சிவப்பணுக்களின் பங்கு, சில நிமிடங்களில் 60 விழுக்காட்டைத் தாண்டும். சைக்கிள் பந்தய வீரர் ஒருவர் ஊசி மூலம் இதைச் செய்துகொண்டால் அவருக்குத் தடை விதிப்பார்கள். குதிரைக்கு இது பிறவிச் சொத்து.

இன்னொரு விஷயம்: இந்தக் கிடங்கு திறக்க ஓட்டம் தொடங்கவே வேண்டியதில்லை. குதிரை பரபரப்படைந்தாலே போதும். தொடக்கக் கதவுக்குள் நிற்கும்போதே இதயத் துடிப்பு ஏறத் தொடங்கிவிடும். ஒலிபரப்புக் கூடத்தில் சிவப்பு விளக்கு எரியும் அந்த ஒரு வினாடியில், வாயே திறக்காமல், என் கைக்கடிகாரத்திலும் இலக்கம் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மண்ணீரல் உதவுவதாகத் தெரியவில்லை.

மேசையைத் தட்டிப் பாருங்கள்

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் சேர்ந்து செய்து பாருங்கள். ஒரு வினாடிக்கு இரண்டு தட்டுக்குச் சற்று அதிகமாக மேசையைத் தட்டுங்கள். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் தப்படி வேகம் அதுதான். இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை முழுதாக மூச்சை இழுத்து விடுங்கள். பத்து வினாடிகூடத் தாங்காது; தலை சுற்றும் முன் நிறுத்திவிடுங்கள்.

குதிரை அப்படித்தான் ஓடுகிறது. ஒரு தப்படிக்கு ஒரு மூச்சு. முன்கால்கள் தரையில் ஊன்றும்போது காற்று வெளியே போகிறது. உடல் நீளும்போது உள்ளே வருகிறது. நிமிடத்துக்கு 120 முதல் 150 மூச்சு, ஒவ்வொரு மூச்சிலும் பத்து லிட்டருக்கும் மேல் காற்று. இவ்வளவும் மூக்கு வழியாக மட்டுமே. குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. மூச்சும் கால்களும் இப்படிப் பிணைந்திருப்பதால், “கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டுக்கொள்ளலாம்” என்ற வசதி பாய்ச்சலில் அதற்கு இல்லை.

பயிற்சி இங்கே கைகொடுக்காது. இதயத்தையும் ரத்தத்தையும் தசையையும் பயிற்சியால் மாற்றலாம். நுரையீரல் அப்படி மாறுவதில்லை. பிறந்து வளர்ந்தபோது கிடைத்ததுதான். அவ்வளவு பெரிய இதயம் அவ்வளவு ரத்தத்தை உள்ளே தள்ளும்போது, நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்கள் சில வெடித்துக் கசிகின்றன. பந்தயம் முடிந்த குதிரைகளின் மூச்சுக்குழாயைக் கருவி விட்டுப் பார்த்தால், ஏறக்குறைய பாதிக் குதிரைகளில் ரத்தச் சுவடு தெரிகிறது. பெரும்பாலானவற்றுக்கு அது வெளியே தெரியாத அளவுதான். ஆனாலும் இந்த விலங்கு எவ்வளவு விளிம்பில் ஓடுகிறது என்பதற்கு அது ஒரு சான்று.

நம் ஊர் வெயிலும் வியர்வையும்

ஓடும் குதிரை செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் சில நிமிடங்களில் உடல் வெந்துபோகும். அதற்காகக் குதிரை வியர்க்கிறது. கடும் பயிற்சியில் மணிக்குப் பத்து லிட்டருக்கும் மேல். கழுத்திலும் தொடையிடுக்கிலும் சோப்பு நுரை போல் வெள்ளையாகத் தெரிவது அந்த வியர்வைதான். அதில் கலந்திருக்கும் லாதரின் என்ற புரதம்தான் வியர்வையை அடர்ந்த முடிக்குள் பரவவைத்து, நுரைக்கவும் வைக்கிறது.

நம் வியர்வைக்கும் குதிரையின் வியர்வைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம் வியர்வையில் உப்பு குறைவு, நீர் அதிகம். அதனால் வியர்க்க வியர்க்க நம் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடுகிறது, மூளை உடனே “தண்ணீர்!” என்று கேட்கிறது. குதிரை நீரோடு உப்பையும் அள்ளிக் கொட்டிவிடுகிறது. ரத்தத்தின் உப்பு அடர்த்தி பெரிதாக மாறாததால், லிட்டர் கணக்கில் நீரை இழந்த பிறகும் அதற்குத் தாகம் எடுக்காமல் போகலாம். தொட்டியில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டால் மட்டும் போதாது. தீவனத்தோடு உப்பும் தந்தாக வேண்டும்.

காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் நம் ஊரில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. இங்கு ஓடிய குதிரைகளில் பல ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவை. குளிர்ந்த நாடுகளிலிருந்து வெப்ப நாடுகளுக்கு வரும் குதிரைகளில் சிலவற்றுக்குக் காலப்போக்கில் வியர்ப்பதே நின்றுவிடும். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவிலும் மலாயாவிலும் இதை முதலில் கவனித்துக் குறித்துவைத்தவர்கள், வெளியே தெரிந்ததைக் கொண்டே ‘டிரை கோட்’ என்று பெயரிட்டார்கள். தோல் காய்ந்து கிடக்கும்; குதிரை நிழலில் நின்றாலும் துருத்தி போல் மூச்சிரைக்கும். அத்தகைய குதிரையை எப்படிப் பழக்கினாலும் பயனில்லை, குளிரவைப்பதுதான் வேலை.

குளிரவைப்பதில் நீண்ட காலம் ஒரு மூடநம்பிக்கை இருந்தது. சூடான தசையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று பயந்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் அந்தப் பயத்தைப் போக்கின. குளிர்ந்த நீரை உடல் முழுவதும் மீண்டும் மீண்டும் ஊற்றுவதுதான் வேகமான வழி, அதனால் தீங்கும் இல்லை. 2008ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகளை ஹாங்காங்கில் நடத்தியபோது லாயங்களுக்கே குளிர்சாதன வசதி செய்து, போட்டிகளை அதிகாலையிலும் இரவிலும் வைத்தார்கள். அதே ஆண்டு மலேசியாவின் திரெங்கானுவில் நெடுந்தூர குதிரையோட்ட உலக வெற்றியாளர் போட்டி நடந்தது, 160 கிலோமீட்டர். இந்தப் போட்டிகளில் முதலில் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர் முன் குதிரையின் நாடித்துடிப்பு குறித்த நேரத்துக்குள் 64 அல்லது அதற்குக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கவில்லையென்றால் வெளியேற்றம்தான். பந்தய விதிகளில் இது எனக்குப் பிடித்த விதி.

பின்தங்கும் எலும்பு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

புல்வெளியில் திரிந்த இளங்குதிரையைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தால் ஓரிரு வாரங்களிலேயே அதன் ரத்தத்தில் பிளாஸ்மாவின் அளவு கூடத் தொடங்கும். அடுத்த சில வாரங்களில், சில மாதங்களில், தசை நார்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். அவற்றைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் முளைக்கும். இதயத் தசை ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளரும். குதிரைக்கு உற்சாகம் பொங்கும். முன்பு மூச்சிரைத்த தூரத்தை இப்போது விளையாட்டாக ஓடும். பார்க்கிறவர்கள் “தயாராகிவிட்டது” என்பார்கள்.

எலும்பு அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருக்கும்.

உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து நடுவிரலுக்குப் போகும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். குதிரையின் முன்காலில் ‘முழங்கால்’ என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே நீளமாக இறங்கும் கணைக்கால் எலும்பு, நீங்கள் இப்போது தொட்ட அதே எலும்புதான். குளம்பு என்பது நடுவிரல் நகம். அரை டன் எடையுள்ள விலங்கு ஒற்றை விரலின் நகத்தில் நின்று ஓடுகிறது. மணிக்கட்டுக்குக் கீழே வேகத்தைத் தாங்கும் தசை எதுவும் இல்லை. மேலிருந்து இறங்கும் தசைநாண்களும் எலும்பும்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒரு முன்கால் மட்டும் தரையில் ஊன்றும் கணத்தில், அதன்மேல் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு விசை இறங்குகிறது. ஒரு மைவி காரின் எடையைவிட அது அதிகம்.

எலும்பை நாம் கல் என்று நினைக்கிறோம். அது உயிருள்ளது. புதிய சுமை வந்தால், பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் உயிரணுக்கள் முதலில் வருகின்றன. அவை தோண்டிய இடத்தில் புதிய எலும்பைப் பூசும் உயிரணுக்கள் பின்னால் வருகின்றன. தோண்டுவது சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பி இறுக்க மாதங்கள் ஆகும். எம்ஆர்டி பணிக்காகச் சாலையைத் தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நல்ல சாலைதான். ஆனால் தோண்டிப் போட்டிருக்கும் அந்த இடைக்காலத்தில் சாலை முன்பைவிடக் குறுகலாக இருக்கும். அந்த நேரம் பார்த்து லாரிகளை இருமடங்காக விட்டால் என்ன ஆகும்?

இளம் பந்தயக் குதிரைகளுக்கு முன்கால் எலும்பின் முன்பக்கம் வீங்கி வலிப்பது உலகெங்கும் பயிற்சிக் கூடங்களில் சர்வசாதாரணமான தொல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் நுனமேக்கர் என்ற எலும்பியல் ஆய்வாளர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். ஓடும் குதிரைகளின் எலும்பு எவ்வளவு வளைகிறது என்று அதன்மேலேயே கருவி ஒட்டி அளந்தார்கள். கிடைத்த பதில் பழைய நம்பிக்கைக்கு எதிராக இருந்தது. மெதுவாக மைல் கணக்கில் ஓடவைத்தால் எலும்பு உறுதியாகும் என்றே பயிற்சியாளர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் மெதுவான ஓட்டத்தில் எலும்பு ஒரு விதமாக வளைகிறது, முழு வேகத்தில் வேறு விதமாக வளைகிறது. மெதுவாகவே ஓடிய எலும்பு மெது ஓட்டத்துக்குத்தான் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் திடீரென்று முழு வேகம் என்றால் அது திகைத்துப்போகிறது. தொடக்கத்திலிருந்தே வாரத்தில் ஓரிரு நாள், மிகக் குறுகிய தூரம், நல்ல வேகத்தில் ஓடவிட்டுப் படிப்படியாகக் கூட்டினால் தொல்லை குறைந்தது.

அதாவது, எலும்புக்கு வேண்டியது நீண்ட நேரம் அல்ல. சரியான வகைச் சுமை, கொஞ்சமாக, இடைவெளி விட்டு. இதயத்துக்கு வேண்டியது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. ஒரே உடலுக்குள் இப்படி இரண்டு மாணவர்கள்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. புல்வெளியில் இருந்த இளங்குதிரைகளை லாயத்துக்கு மாற்றிப் பயிற்சியைத் தொடங்கினால், முதல் இரண்டு மாதங்களில் கணைக்கால் எலும்பின் தாதுச்சத்து கூடுவதற்குப் பதில் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காரணம், வெளியில் இருந்தபோது குட்டிகள் ஒன்றையொன்று துரத்தி, தாமாகவே குறுகிய வேக ஓட்டங்களை ஓடிக்கொண்டிருந்தன. லாயத்தில் ஒரு மணி நேரம் மெதுவான பயிற்சி, மீதி 23 மணி நேரம் நின்றபடி. ஓர் அறைக்குள் நாள் முழுவதும் உட்கார்ந்துவிட்டு மாலையில் ‘கார்டியோ’ செய்யும் நமக்கு இது பழக்கப்பட்ட கால அட்டவணைதான்.

குதிரைக்குக் கால் முறிந்தால் ஏன் பிழைப்பது கடினம் என்று பலர் கேட்பார்கள். 2006ல் கெண்டகி டெர்பி பந்தயத்தில் வென்ற பார்பரோவின் கதையில் விடை இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் அதன் வலது பின்கால் நொறுங்கியது. நுனமேக்கர் பணியாற்றிய அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனையில் தகடும் திருகுகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு கூடியது. ஆனால் அடிபட்ட காலைக் காப்பாற்ற மற்றக் கால்கள் கூடுதல் எடையைச் சுமந்தன. அவற்றின் குளம்புக்குள் இருக்கும் மென்மையான பிடிப்புத் திசு அழற்சி கண்டு சிதையத் தொடங்கியது. மனிதனைப்போல் மாதக்கணக்கில் படுத்துக்கிடக்கக் குதிரையின் உடல் அமையவில்லை. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பிறகு, 2007 ஜனவரி 29ஆம் தேதி பார்பரோவைக் கருணைக்கொலை செய்தார்கள்.

தசைநாணும் மெதுவான மாணவன்தான், எலும்பைவிட மோசம். ரப்பர் பட்டை போல் நீண்டு சுருங்கி ஓட்டத்துக்கு விசை தரும் அது, பாய்ச்சலில் உள்ளுக்குள் 45 டிகிரி வரை சூடாகிறது. வளர்ந்த குதிரைக்கு அதைப் பயிற்சியால் பெரிதாக வலுப்படுத்த முடியாது. கிழிந்தால் தழும்பாகத்தான் ஆறும்.

கடிகாரம் அளக்காதது

மாரத்தான் பருவம் நெருங்கும்போது அலுவலக நண்பர்கள் ஓட்டக் குழு தொடங்குவார்கள். ஆறாவது வாரத்தில் எல்லாரும் சொல்வது ஒன்றே: “இப்போ மூச்சே வாங்கல, தூரத்தைக் கூட்டலாம்.” எட்டாவது வாரத்தில் ஒருவர் முழங்காலுக்குக் கீழே ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராணுவப் பயிற்சியில் புதிதாகச் சேரும் இளையர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே காலில் விரிசல் முறிவு வருவதும் உலகெங்கும் மருத்துவர்கள் அறிந்த ஒன்று. தேசிய சேவைக்குப் பிள்ளையை அனுப்பவிருக்கும் பெற்றோர், கடைசி மாதத்தில் அவனை அவசரமாக ஓடவைப்பதைவிட ஆறு மாதம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கச் சொல்வது நல்லது என்பது என் கருத்து. நம் கைக்கடிகாரம் இதயத்தை அளக்கிறது, மூச்சை அளக்கிறது, தூக்கத்தைக்கூட அளக்கிறது. எலும்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் கடிகாரம் இன்னும் கடைக்கு வரவில்லை.

ஓய்வுக்குப் பிறகு திரும்பும் நேரமும் அப்படித்தான். குதிரை பயிற்சியை நிறுத்தினாலும் அதன் இதயத் திறன் நம்முடையதைப்போல் வேகமாகச் சரிவதில்லை; சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். இரண்டு மாதம் ஓய்வெடுத்த குதிரை லாயத்துக்குத் திரும்பும்போது துள்ளிக் குதிக்கும். ஆனால் அந்த ஓய்வில் எலும்பு பழைய நுண்விரிசல்களைச் சரிசெய்யத் தோண்டிவைத்திருக்கும். நீண்ட ஓய்விலிருந்து திரும்பிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் தோள்பக்க எலும்பு முறியும் ஆபத்து கூடுவதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குதிரை மிகவும் தெம்பாகத் தெரியும் அந்த நாள்களில்தான் பயிற்சியாளர் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

குதிரைப் பராமரிப்பாளரை இந்த வட்டாரத்தில் ‘சைஸ்’ என்று அழைப்பது பழைய வழக்கம். ஸ்கேன் கருவிகளும் ரத்தப் பரிசோதனைகளும் வந்துவிட்ட பிறகும், பந்தய லாயங்களில் விடியும் முன் நடக்கும் முதல் வேலை மாறவில்லை. குனிந்து, முன்காலில் கையை வைத்து, மணிக்கட்டிலிருந்து குளம்பு வரை மெதுவாகத் தடவிக்கொண்டே இறங்குவார்கள். வீக்கம் இருக்கிறதா, அழுத்தினால் குதிரை காலை இழுக்கிறதா, நேற்றைவிடச் சூடு கூடியிருக்கிறதா? பிறகு அடுத்த காலைத் தொட்டு இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஒன்று மற்றதைவிடச் சற்றே சூடாகத் தெரிந்தாலும் அன்று சேணம் சுவரிலேயே தொங்கும்.